நெல்லை அளக்கும் யந்திரக் கணக்கு

தஞ்சை ஜில்லாக் குடியானவன் தன் வயலின் விளைவை மாவுக்கு இத்தனை மூட்டை என்று சொல்லி வந்திருக்கிறான். சர்க்கார் கச்சேரியில் அதை ஏக்கருக்கும் ஹெக்டேருக்கும் மாற்றி எழுதினார்கள். இப்பொழுது மூன்றாவதாக ஒரு கணக்குப்பிள்ளை வந்து சேர்ந்திருக்கிறது. அது சேற்றில் இறங்குவதில்லை, அரிவாளைத் தொடுவதில்லை. ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக் கோளின் படத்தையும், வெய்யில் மழைக் குறிப்புகளையும் வாங்கிக்கொண்டு, கணிப்பொறிக்குள்ளேயே பயிரை வளர்த்து முற்றவைத்து, ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று விடை கூறுகிறது. 2016-ல் ஏற்பட்ட பிரதம மந்திரி பயிர் இன்ஷியூரன்ஸ் திட்டத்தில், நெல்லுக்கும் கோதுமைக்கும், இவ்விதத் தொழில்நுட்பக் கணக்குக்கு நூற்றுக்கு 30-க்குக் குறையாத பங்கு கொடுக்கவேண்டும் என்று 2023-ஆம் வருஷத்துக் காரீப் பருவம் முதல் மத்திய சர்க்கார் விதி வகுத்தார்கள். ஆகவே இதைச் சர்வகலாசாலைப் பண்டிதர்களின் விவகாரம் என்று எண்ணி வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கடைமடைக் குடியானவனின் மடியில் விழும் பணத்தைப் பற்றிய விவகாரம் இது.

எப்படி என்பதை ஒரு உதாரணத்தால் விளக்குவோம். ஒரு கிராமத்தின் உத்தரவாத மகசூல் ஹெக்டேருக்கு 2,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வயலில் நடத்திய அறுவடைப் பரிசோதனையில் 2,000 கிலோதான் கிடைத்தது. ஐந்தில் ஒரு பங்கு நஷ்டம். இன்ஷியூர் செய்த தொகையில் ஐந்தில் ஒரு பங்கு குடியானவனுக்குச் சேரவேண்டும். ஆனால் யந்திரம் 4,000 கிலோ என்கிறது. நூற்றுக்கு எழுபது, முப்பது என்ற விகிதத்தில் இரண்டையும் கலந்தால் 2,600 வருகிறது. உத்தரவாத அளவை அது தாண்டிவிட்டது. ஆகவே ஒரு காசும் இல்லை! யந்திரம் மறுபக்கம் தவறினால், நஷ்டமே இல்லாத கிராமத்துக்கும் பணம் போய்ச் சேரும். அந்தப் பணத்திலும் பெரும் பகுதி சர்க்கார் கொடுக்கும் மானியம், அதாவது ஜனங்கள் செலுத்தும் வரி. ஒரு விஞ்ஞான மென்பொருளில் உள்ள பிழை கட்டுரையோடு நின்றுவிடும் காலம் போய்விட்டது.

யந்திரக் கணக்கே வேண்டாம் என்று சொல்பவர்கள் நாம் அல்ல. பழைய முறையின் லக்ஷணத்தைத் தஞ்சை வாசிகள் நன்கு அறிவார்கள். முக்கியப் பயிர்களுக்குக் கிராமப் பஞ்சாயத்து ஒன்றுக்கு நான்கு அறுவடைப் பரிசோதனைகள் செய்யவேண்டும் என்பது திட்டத்தின் விதி. தை மாதத்தில் அறுவடை யந்திரங்கள் ஒரே வாரத்தில் ஊர் ஊராக இறங்கும்போது, கயிறும் தராசுமாக எத்தனை உத்தியோகஸ்தர்கள் எத்தனை வயலில் நிற்க முடியும்? வயலைத் தேர்ந்தெடுப்பதில் தாக்ஷண்யமும் நிர்ப்பந்தமும் இல்லை என்று எவரும் சத்தியம் செய்யமாட்டார்கள். கணக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த குறுவைக்கு நாற்றங்கால் விட்டாகிவிடும்.

யந்திரம் நன்மை செய்த சந்தர்ப்பமும் உண்டு. 2016-ஆம் வருஷம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கமான அளவில் நூற்றுக்கு 62 பங்கு குறைந்துபோயிற்று. அந்தச் சம்பா பருவத்தில் விதைப்பே பொய்த்த கிராமங்கள் எவை என்று கண்டறிவதற்கு ராடார் படங்கள் பயன்பட்டன. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், ஸ்விஸ் தேசத்து ஸார்மாப் என்னும் கம்பெனி, கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு விவசாய சர்வகலாசாலை முதலியவை சேர்ந்து 2012-ல் தொடங்கிய 'ரைஸ்' என்னும் திட்டத்தின் பலன் அது. சாதாரணப் படம் ஐப்பசி கார்த்திகை மேகத்தில் மறைந்துபோகும். ராடார் அலை மேகத்தை ஊடுருவிச் செல்லும். உழுது நீர் கட்டிய வயலில் அலை வழுக்கிச் சென்றுவிடுவதால் படம் கறுப்பாகும். பயிர் கிளைக்கக் கிளைக்க அலை திரும்பி வந்து படம் வெளுக்கும். இந்தக் கறுப்பு வெளுப்பு வரிசையைக் கொண்டு, நட்ட தேதியையும் பயிரின் வளர்ச்சியையும் யந்திரம் அறிகிறது. ஆறு ஆசிய நாடுகளில் 13 இடங்களில் சோதித்து, நெல் வயலை நெல் வயலென்று கண்டுகொள்வதில் நூற்றுக்கு 85 முதல் 95 வரை சரி என்று 2014-ல் வெளியிட்டார்கள். மெச்சத்தக்க வேலைதான். ஆனால் இது நெல் வயல் என்று சொல்வது வேறு; இதில் இத்தனை நெல் என்று சொல்வது வேறு.

இரண்டாவது வேலைக்கு ராடார் மட்டும் போதாது. பயிரின் வாழ்க்கையையே கணிதமாக எழுதிய நிரல் வேண்டும். அவற்றுள் பெயர் பெற்றது 'ஓரைஸா'. நெல்லுக்குத் தாவர நூலார் வைத்த பெயரே இதற்கும் பெயர். நாள்தோறும் விழும் சூரிய ஒளியில் இலை எவ்வளவு சத்தைத் தயாரிக்கிறது, அதில் எவ்வளவு மூச்சில் செலவாகிறது, மிச்சம் வேருக்கும் தண்டுக்கும் கதிருக்கும் எப்படிப் பங்காகிறது, பூக்கும் தருணத்தில் வெப்பம் மிகுந்தால் எத்தனை மணி பதராகிறது என்றெல்லாம் அது ஒவ்வொரு நாளாகக் கணக்கிடும். இதன் பிறப்பில் நமது ஜில்லாவுக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1984 முதல் சுமார் பத்து ஆண்டுகள், டச்சு சர்க்காரின் பொருளுதவியோடு, ஹாலந்திலுள்ள வாகெனிங்கன் விவசாய ஆராய்ச்சியாளரும் சர்வதேச நெல் நிலையத்தாரும் ஆசியாவின் பல ஆராய்ச்சி நிலையங்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு பெருந்திட்டம் நடத்தினார்கள். 'ஸார்ப்' என்று அதற்குப் பெயர். நம்மிடமிருந்து கோயம்புத்தூரும் ஆடுதுறையும் கலந்துகொண்டன. ஒவ்வொரு குழுவிலும் ஒரே துறையாரை வைக்காமல், பயிர் சாஸ்திரி, மண் சாஸ்திரி, பூச்சி நூலார் என்று பல துறையாரைச் சேர்த்து உட்கார வைத்ததுதான் அத்திட்டத்தின் சூக்ஷ்மம். 1994-ல் 'ஓரைஸா 1' வெளிவந்தது. 2001-ல் 'ஓரைஸா 2000'. தழைச்சத்தை எந்த நாளில் எவ்வளவு இடவேண்டும் என்று கணக்கிடும் நிரலை விவரித்து 1997-ல் வெளியான கட்டுரையில், வாகெனிங்கனைச் சேர்ந்த டென் பெர்கேயின் பெயருக்கு அடுத்தபடியாகக் கோயம்புத்தூர் சர்வகலாசாலையின் தியாகராஜன் பெயர் நிற்கிறது.

1922-ல் தொடங்கிய ஆடுதுறை நெல் நிலையத்தை 'ஆடுதுறை 27' முதலான விதைகளுக்காகத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். தட்பவெப்ப மாறுதலால் ஆசியாவின் நெல் என்ன ஆகும் என்று 1995-ல் வெளிவந்த பெரிய நூலில் இந்தியாவைப் பற்றிய அத்தியாயத்தை எழுதியவர்கள் மோகன்தாஸ், அப்துல் கரீம் முதலிய ஆடுதுறை விஞ்ஞானிகளே என்பதை எத்தனை பேர் அறிவோம்? 'ஓரைஸா 1' நிரலைக் கொண்டு அவர்கள் கண்ட முடிவு: காற்றில் கரியமில வாயு பெருகுவதால் பயிர் ஊட்டம் பெற்று முதல் பருவ விளைச்சல் உயரும், இரண்டாம் பருவத்தில் பல இடங்களில் வெப்பத்தால் பெரிதும் குறையும், மொத்தத்தில் தேசத்தின் நெல் கொஞ்சம் கூடும்.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 2011-ல், கோயம்புத்தூர் சர்வகலாசாலையின் கீதாலக்ஷ்மி முதலியோர் காவிரிப் படுகைக்கு மட்டும் கணக்கிட்டு 'கரெண்ட் ஸயன்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்டார்கள். அவர்கள் கையாண்டது 'டிஸாட்' என்னும் வேறொரு நிரல். அமெரிக்காவில், ஹவாய் சர்வகலாசாலையைத் தலைமையாகக் கொண்ட திட்டத்தில் பிறந்தது. பிரிட்டிஷ் ஹாட்லி நிலையத்தின் தட்பவெப்பக் கணக்கை அதில் ஊட்டியபோது, பத்தாண்டுக்கு ஹெக்டேருக்கு 356 கிலோ வீதம் நெல் குறையும் என்று வந்தது. இத்தாலியின் ட்ரியெஸ்ட் நகரத்து நிலையத்தின் கணக்கை ஊட்டியபோது 217 கிலோ என்று வந்தது. அதே படுகை, அதே நெல், வருங்காலத்தைப் பற்றிய அனுமானமும் ஒன்றே. ஆயினும் தொண்ணூறு ஆண்டுகளுக்குக் கூட்டிப் பார்த்தால் ஒன்று 3,200 கிலோ நஷ்டம் என்கிறது, மற்றொன்று 1,950 என்கிறது. ஒரு நல்ல சம்பா மகசூலில் பாதிக்கு மேல் போகுமா, மூன்றில் ஒரு பங்கு போகுமா என்ற வித்தியாசம் இது.

இதைச் சொல்லி அந்த விஞ்ஞானிகளைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. இரண்டு எண்களையும் மறைக்காமல் பக்கத்தில் பக்கமாக அச்சிட்டார்களே, அதுவே யோக்கியமான காரியம். 1995-ன் கணக்கு தேசம் முழுவதற்கும் ஆனது, 2011-ன் கணக்கு ஒரு படுகைக்கு ஆனது. இரண்டும் எடுத்துக்கொண்ட அனுமானங்கள் வேறு. ஆனால் ஒன்றில் கூடும், மற்றொன்றில் குறையும் என்று விடை வரும்போது, வித்தியாசத்தில் எவ்வளவு இயற்கையைச் சேர்ந்தது, எவ்வளவு அனுமானத்தைச் சேர்ந்தது, எவ்வளவு நிரலை எழுதியவரின் கைப்பிழையைச் சேர்ந்தது என்று பிரித்துக் காட்ட ஒருவர் வேண்டாமா? அந்த ஒருவர் எந்த ஒரு துறையிலும் இல்லை. அங்கேதான் சங்கடம்.

ஈரப்பதத்தையே எடுத்துக்கொள்வோம். பயிர் நிரல் ஒரு இடத்தில் நெல்லின் எடையை முழு உலர்வாகக் கணக்கிடும். மற்றோர் இடத்தில் நூற்றுக்கு 14 பங்கு ஈரத்தோடு கூறும். உலர்ந்த 5,000 கிலோ, 14 சத ஈரத்தோடு சுமார் 5,800 கிலோ ஆகிவிடும். நேரடிக் கொள்முதல் நிலையத்திலோ 17 சதம் வரை ஈரம் இருக்கலாம் என்பது வழக்கமான விதி. களத்தில் நிறுத்த பச்சை நெல்லின் ஈரம் இவை எல்லாவற்றுக்கும் மேல். கணிப்பொறியில் தேர்ந்த இளைஞனுக்கு இந்த நாலு எடைகளும் ஒரே 'எடை'தான். தவறான வரியை எடுத்துச் சேர்த்துவிடுவான், யந்திரமும் ஆட்சேபிக்காது. நெல் சாஸ்திரிக்கு இது உடனே உறுத்தும். ஆனால் நிரலை ஒரு யந்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றியபோது கடைசி நாளின் மழை விட்டுப்போனதை நெல் சாஸ்திரி ஏழு ஜன்மத்திலும் கண்டுபிடிக்க மாட்டார். அது இளைஞனின் கண்ணுக்குத்தான் படும். இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தாலன்றிப் பிழை வெளிப்படாது. செவ்வாய்க் கிரகத்துக்கு அமெரிக்கர் அனுப்பிய கலம் 1999-ல் அழிந்துபோனதற்குக் காரணம், ஒரு கூட்டத்தார் பவுண்டிலும் மற்றொரு கூட்டத்தார் மெட்ரிக் முறையிலும் கணக்கிட்டதுதான். மாவும் வேலியும் ஏக்கரும் ஹெக்டேரும் ஒரே காகிதத்தில் புழங்கும் தஞ்சாவூரில் அந்த ஆபத்து குறைவென்று நினைக்க வேண்டாம்.

இன்னும் சில விஷயங்கள் உண்டு. இவை நம் படுகைக்கே உரியவை. 'ஓரைஸா' நிரலுக்கு ஆதாரமாக அளந்து வைத்த ரகம் பெரும்பாலும் 'ஐ.ஆர். 72'. நமது குடியானவர் சம்பாவில் போடும் 'ஸி.ஆர். 1009' சுமார் ஐந்து மாதம் நிற்கும் ரகம். அதன் குணங்களை இங்கேயே அளந்து ஊட்டாவிட்டால், யந்திரம் வேறொரு நெல்லை விளைவித்துவிட்டு நம் நெல்லென்று பெயரிடும். கடைமடையில் நீரை எதிர்பாராமல் புழுதியில் நேரடியாக விதைக்கிறார்கள். ஆரம்பத்தில் நீர் கட்டாத அந்த வயலில் ராடார் தேடும் கறுப்புக் கட்டமே இராது. வேதாரண்யம் பக்கத்து உப்பு நிலத்தில் விளைவைக் குறைப்பது வெய்யிலும் அல்ல, தழைச்சத்தும் அல்ல. எலியையும் புகையானையும் நிரல் அறியாது. 2021-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் அடாத மழை பெய்து, முற்றிய சம்பாக் கதிர் வயலிலேயே சாய்ந்து முளைத்துப்போயிற்று. கணிப்பொறியைப் பொறுத்தவரையில் அந்தப் பயிர் பூரணமாக விளைந்து முடிந்த பயிர்! மழைக்கு முன்பே மணி நிறைந்துவிட்டதல்லவா? குடியானவன் அழுத வருஷத்தை யந்திரம் நல்ல வருஷம் என்று எழுதக்கூடும். 2023 பிப்ரவரியிலும் இதே கதை நடந்தது. கொள்முதலில் ஈர அளவைத் தளர்த்த வேண்டி வந்தது.

உலகத்து விஞ்ஞானிகள் இதைப்பற்றி அசட்டையாக இருக்கவில்லை. பதின்மூன்று நெல் நிரல்களை எடுத்துக்கொண்டு, பிலிப்பைன்ஸிலும் சீனாவிலும் ஜப்பானிலும் நமது லூதியானாவிலும் உண்மையில் விளைந்த நெல்லோடு ஒப்பிட்டு 2015-ல் ஒரு பெரிய கூட்டம் வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது. எந்த ஒரு நிரலும் எல்லா இடத்திலும் சரியாகச் சொல்லவில்லை. மிக வெப்பமான இடத்திலும் மிகக் குளிர்ந்த இடத்திலும் அதிகமாகத் தடுமாறின. ஆயினும் பதின்மூன்றின் சராசரி, விளைந்த நெல்லுக்கு நூற்றுக்குப் பத்துக்கு உட்பட்ட வித்தியாசத்தில் நின்றது. ஒருவர் பிழையை மற்றொருவர் பிழை ஈடு செய்தது என்று பொருள். நான்கு இடங்களில் தமிழ்நாடு ஒன்றும் இல்லை என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். கோதுமைக்கும் பேர்பெற்ற லூதியானாவின் நெல்லைக்கொண்டு தேறிய நிரல், மன்னார்குடிச் சம்பாவிலும் தேறும் என்று எப்படிச் சொல்வது?

அளக்கும் முறையையே பகிரங்கமாகச் சோதிப்பது நம் தேசத்துக்குப் புதிதன்று. 1920-களில் பீஹார் ஒரிஸ்ஸாவில் ஹப்பக் என்ற உத்தியோகஸ்தர் நெல் வயலில் குருட்டாம்போக்காக இடம் தேர்ந்து அறுத்துப் பார்க்கும் முறையைத் தொடங்கினார். பின்னர் வங்காளத்தில் மஹலனோபிஸ் சிறிய வட்டங்களில் அறுத்துக் கணக்கிட்டார். 1940-களில் ஸுகாத்மே குறுக்கிட்டு, சிறிய துண்டில் அறுத்தால் விளைவு உள்ளதைவிட அதிகமாகக் காட்டும் என்று வயலிலேயே நிரூபித்தார்: எல்லைக் கயிற்றில் நிற்கும் குத்தை உள்ளே சேர்த்துவிடுவது மனித சுபாவம், துண்டு சிறியதானால் எல்லையின் பங்கு அதிகம். இரு பெரியாரும் பத்திரிகைகளில் வாதாடிக்கொண்டார்கள். அந்தச் சண்டையில் தேசத்துக்கு லாபம். அரிவாளும் கயிறும் தராசும் கூடப் பொய் சொல்லும் என்று தெரிந்தது. எவ்வளவு பொய் சொல்லும் என்றும் தெரிந்தது. இன்று செயற்கைக் கோளும் நிரலும் எவ்வளவு பொய் சொல்கின்றன என்று அவ்விதம் வாதாட, நிரலும் அதற்கு ஊட்டிய எண்களும் வெளியே கிடைக்க வேண்டும். 'டிஸாட்' நிரலின் மூலத்தை அதன் ஆசிரியர்கள் யாவரும் பார்க்கும்படி வெளியிட்டுவிட்டார்கள். இன்ஷியூரன்ஸுக்காகக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் கம்பெனியின் நிரல் மட்டும் வியாபார ரகசியமாக இருப்பது என்ன நியாயம்?

சர்வகலாசாலைகளின் மீதும் ஒரு வார்த்தை சொல்லாமலிருக்க முடியவில்லை. நிரலை எழுதிச் சோதித்துப் பிழை திருத்தி, பத்து வருஷம் பராமரிப்பவனுக்கு நம் கல்விக்கூடங்களில் பதவி இல்லை, பெயரும் இல்லை. கட்டுரை எண்ணிக்கைக்கு உத்தியோக உயர்வு. மற்றவர் கட்டுரை எந்த நிரலின் மேல் நிற்கிறதோ அதைக் காப்பாற்றியவனுக்கு ஒன்றுமில்லை. திட்டப் பணம் முடிந்ததும் இளைஞன் பெங்களூருக்குப் போய்விடுகிறான். நிரல் ஒரு பழைய கணிப்பொறியில் தூங்குகிறது. அடுத்த திட்டம் மறுபடி முதலிலிருந்து. பிரிட்டனில் 2012-க்குப் பிறகு இத்தகையோருக்கு 'ஆராய்ச்சி மென்பொருள் எஞ்சினீயர்' என்று தனிப் பெயரும், பல சர்வகலாசாலைகளில் நிரந்தர உத்தியோகமும் ஏற்பட்டன. பெயர் கொடுத்ததும் ஆள் கிடைத்தான். நம்மிடம் ஆளுக்குப் பஞ்சமா? தஞ்சாவூர் அருகில் சாஸ்த்ரா, திருச்சிராப்பள்ளியில் தேசிய தொழில்நுட்பக் கழகம், சென்னையில் ஐ.ஐ.டி. என்று கணிப்பொறி கற்றவர்களை ஆயிரக்கணக்கில் வெளியேற்றுகிறோம். அவர்களில் எத்தனை பேர் ஆடுதுறை வரப்பில் ஒரு நாள் நடந்திருப்பார்கள்? ஆடுதுறையாரில் எத்தனை பேரை அந்தக் கழகங்கள் தம் வகுப்புக்கு அழைத்திருக்கின்றன?

செய்யவேண்டியது அப்படியொன்றும் மலையைப் பெயர்க்கும் காரியமன்று. ஆடுதுறையிலும் தஞ்சாவூர்க் காட்டுத்தோட்டத்திலுள்ள மண்-நீர் நிர்வாக ஆராய்ச்சி நிலையத்திலும் பல்லாண்டுகளாகச் சேர்ந்த பரிசோதனை வயல் குறிப்புகளை, ரகம், நட்ட நாள், இட்ட உரம், பூத்த நாள், ஈரத்தின் அளவோடு கூடிய எடை என்று ஒரே ஒழுங்கில் எழுதி, எந்த நிரலையும் எவரும் சோதிக்கத்தக்க உரைகல்லாக வெளியிட வேண்டும். அதில் ஒரு பகுதியை நிரல் எழுதுவோர் கண்ணில் காட்டாமல் பரீக்ஷைக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும். விடையைப் பார்த்துவிட்டுத் தேறுவது தேர்ச்சியாகாது. நிரலில் ஒவ்வொரு மாற்றம் செய்தபின்னும் பழைய வருஷங்களின் விளைவை மறுபடி கணக்கிட்டு, எண் மாறினால் ஏன் மாறிற்று என்று எழுதி வைக்க வேண்டும். நெல், மண், புள்ளி விவரம், தட்பவெப்பம், கணிப்பொறி ஆகிய ஐந்து துறையாரும் சம அந்தஸ்தோடு கையெழுத்திடும் ஒரு குழுவுக்கு, மூன்று வருஷத் திட்டமாக அல்லாமல் நிரந்தர மானியமாகச் சர்க்கார் பணம் ஒதுக்க வேண்டும்.

குடியானவர் சங்கங்களுக்கும் வேலை உண்டு. நஷ்ட ஈடு வரவில்லை என்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காரும்போது, தொகையை மட்டும் கேட்டால் போதாது. எங்கள் கிராமத்துக்கு யந்திரம் சொன்ன எண் என்ன, எந்த நிரல், எந்த ரகத்தை விளைவித்தது, எந்த மழைமானியின் மழையை எடுத்துக்கொண்டது, எந்த ஈரத்தில் எடை கூறிற்று, அறுவடைப் பரிசோதனையின் எண்ணிலிருந்து எத்தனை தூரம் விலகி நின்றது என்று எழுதிக் கேட்கவேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லிருந்து நம் கையில் இருக்கிறது. ஒவ்வொரு கிராமச் சாவடியிலும் இரு எண்களையும் பக்கத்தில் பக்கமாக ஒட்டி வைக்கும்படி சர்க்கார் உத்தரவிடுவதற்கு ஒரு தாளும் கொஞ்சம் பசையும்தான் செலவு. அடுத்த சம்பா நஷ்ட ஈட்டுப் பட்டியல் வெளியாவதற்கு முன்பே அதைச் செய்துவிடலாம்.